மூணு கண்ணுப் பாலமும் எஸ்தர் வீட்டு மாடியும்

போன மாதம், ஆடி ஞாயிறு ஒன்றில், ஒரு பாலத்தைக் காப்பாற்றக் கிளம்பினேன்.

சிரிக்காதீர்கள். எனக்கு இப்படித் திடீர் திடீரென்று கிளம்பும் வியாதி உண்டு என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஊரப்பாக்கத்து ஃபிளாட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பது எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாள். எங்கிருந்தாவது ஒரு போன் வந்தால் போதும்... பைக் சாவி தானாகக் கைக்கு வந்துவிடும்.

போன் செய்தவர் சண்முகம் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். கல்பாக்கத்தில் எஞ்சினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார். வேலை பார்த்தது அணுவோடு. காதலித்தது சுண்ணாம்புக் காரையை. பழைய சுவர் ஒன்றைக் கண்டால் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் தொடுவார்.

"ஓய், மூணு கண்ணுப் பாலத்தை உடைக்கப் போறானுவ. உடனே வாரும்" என்றார்.

திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவே பிரிந்து போகிற ஒரு கிளைச்சாலையில் இருக்கிறது அது. ஏரி நிரம்பினால் வழிந்து ஓடும் ஓடைமேல், செங்கல்லும் சுண்ணாம்புமாக மூன்று வளைவுகள். வளைவைக் கண் என்பது ஊர்வழக்கம். வெள்ளைக்காரன் கட்டியது என்பார்கள். எந்த வெள்ளைக்காரன்? அது யாருக்கும் தெரியாது. செங்கல் சுமந்தவர்கள் யார் என்பது மட்டும் தெரியும். பாலத்தை ஒட்டிய காலனியில்தான் அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்போது சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். பழையதை இடித்துவிட்டு, உயரமாக ஒரு கான்கிரீட் பாலம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணாச்சி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மனு. கையில் போன். போனில் ஒரு இரும்புப் பாலம்.

அவர் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். விடுமுறைக்குக் கரீபியன் கடலில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோ தீவுக்குப் போனவள், கடற்கரையை விட்டுவிட்டு மலையூர்களில் சுற்றிவிட்டுப் படங்களை அனுப்பியிருந்தாள். அப்பனுக்குத் தப்பாத பெண்! காப்பித் தோட்டங்கள். மேகம் தரையில் நடக்கும் தெருக்கள். சதுக்கத்தில் ஒரு சர்ச். கொஞ்சம் தள்ளி ஒரு பழைய பள்ளிக்கூடம். ஆற்றின் குறுக்கே, பச்சை இருட்டுக்குள், எலும்புபோல ஒரு இரும்புப் பாலம். எல்லாம் பட்டியலில் ஏற்றப்பட்ட பழஞ்சின்னங்களாம். அதைச் சொல்ல, சின்னதாக ஒரு தகடு.

"பாத்தீரா? கடுகளவு தீவு. ஓடைப் பாலத்துக்கெல்லாம் மரியாதை வச்சிருக்கான். நம்மூர்ல இதையும் பாதுகாக்கப்பட்ட சின்னம்னு அறிவிக்கச் சொல்லி மனு போடுதேன். ஊர்க்காரன் கையெழுத்து வேணும். நீரு ஒரு கட்டுரை எழுதும்."

எனக்கும் சிலிர்த்தது. ஏன் சிலிர்க்காது? உலகத்தின் அந்தக் கோடியில் ஒரு பாலம், இந்தக் கோடியில் ஒரு பாலம். நடுவில் இவ்வளவு கடல்.

காலனியில் கையெழுத்து மளமளவென்று விழுந்தது. அவர்களுக்கு அந்தப் பாலத்தின்மேல் அப்படி ஒரு பிரியம். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பாலத்துக்கும் அடித்துவிடுவார்கள். மேலே ஒரு நீலக் கோடு வேறு. அண்ணாச்சிக்கு அந்த நீலக் கோட்டைப் பார்த்தாலே நெஞ்சு வலிக்கும்.

"பழைய செங்கல்லுல போயி நீலத்தைப் பூசுதியளே, இது நியாயமா?" என்று தூண்டிலோடு உட்கார்ந்திருந்த பாபுவிடம் கேட்டார். பாபு ஷேர் ஆட்டோ ஓட்டுபவர்.

"நீலம் இன்னா சார் தப்பு? வானம் பழசு இல்லியா?"

பாபு தூண்டிலை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் போட்டார்.

"ஊர்த் தெருவுல நம்மாளுங்க உக்கார முடியாத காலத்துல உக்காந்த எடம் சார் இது. எழுந்திருடான்னு சொல்ல ஒருத்தனும் வரல. அதான் வருஷா வருஷம் சுண்ணாம்பு."

இதைவிடவா ஒரு பாலத்துக்கு வரலாறு வேண்டும்? மனுவில் அண்ணாச்சி எழுதியிருந்த வளைவின் விட்டமும் காரையின் கலவையும் எனக்குச் சட்டென்று வெளிறிப்போயின.

அப்போதுதான் எஸ்தர் வந்தார்.

கடற்கரைச் சாலை ரிசார்ட் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். காலையில் சர்ச், மத்தியானம் டியூட்டி. யூனிஃபார்ம் புடவையில், தோள்பையோடு ஷேர் ஆட்டோவுக்கு நின்றவரிடம் அண்ணாச்சி மனுவை நீட்டினார். அதுவரை கையெழுத்துப் போட்ட யாரும் அதைப் படிக்கவில்லை. எஸ்தர் படித்தார். முழுசாக.

"பாதுகாக்கப்பட்ட சின்னம்னு போட்டுகீதே... மகாபலிபுரத்துல போர்டு வச்சிகிறாங்களே, அதுவா சார்?"

"அதேதாம்மா" என்றார் அண்ணாச்சி பெருமையாக.

எஸ்தர் மனுவை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் பொறந்த வூடு அங்கதான் கீது சார். செதுக்கின பாறைக்குப் பின்னாடி. மேல ஷீட்டு. மழ பேஞ்சா உள்ள பேசறது கேக்காது. தளம் போடலாம்னு எங்கப்பா கேட்டாரு. கல்லுலேர்ந்து நூறு மீட்டருக்குள்ள கீது, கூடாதுன்ட்டாங்க. பர்மிஷன், பர்மிஷன்னு அலைஞ்சாரு. அவரு போய்ச் சேந்துட்டாரு. ஷீட்டு அப்டியே கீது."

எஸ்தர் தோள்பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்தக் கல்லுகிட்டேர்ந்து தப்பிச்சி இங்க வாக்கப்பட்டு வந்தேன். நீங்க இன்னாடான்னா இங்கியும் அதைக் கூட்டிகினு வர்றீங்க."

"அது பல்லவர் காலத்துக் கல்லும்மா. இது சும்மா ஒரு..."

"போர்டு ஒண்ணுதான சார்?"

போர்டு ஒன்றுதான். தொல்லியல் சட்டத்துக்குள் வந்துவிட்டால், சின்னத்திலிருந்து நூறு மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. அதற்கப்பால் இன்னும் இருநூறு மீட்டருக்கு, அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பாலத்தைத் தாண்டினால் இரண்டாவது வீடு எஸ்தருடையது.

எஸ்தர் கையை நீட்டிக் காட்டினார். ஒரே ஹால், ஒரு சமையலறை. மொட்டைமாடியில் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. துருப்பிடிக்காமல் இருக்க, கம்பித் தலைகளில் பிளாஸ்டிக் கவர். பெரிய மகனுக்குத் தையில் கல்யாணம். பெண் வீட்டில் ஒரே நிபந்தனை: பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தனியாக ஒரு ரூம். அதற்கு மாடி எழும்ப வேண்டும்.

"இப்பவே ஆரம்பிச்சிருப்பேன். நான் சர்ச்சுக்குப் போறவ, எனக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதான். மேஸ்திரி ஆடில கம்பியைத் தொட மாட்டேன்றாரு."

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டு மாடியைத் திரும்பிப் பார்த்தார்கள். காலனி முழுக்கக் கம்பிகள்தான். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு கல்யாணமோ, ஒரு பாகப்பிரிவினையோ காத்திருந்தது.

பாபு எழுந்து வந்தார். "அண்ணாத்த, என் கையெழுத்தை அடிச்சிரு. பாலத்தை உசத்தியா வச்சிட்டு நாங்க எங்க போறது, கண்ணுக்குள்ளயா குடியிருக்கிறது?"

சிரிப்பு. அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்போ இடிச்சுப் போடட்டும்ங்கியளா?" என்றார் எஸ்தரிடம்.

"யாரு சொன்னா? புதுப் பாலம் வந்தா ரோடு மேல ஏறும். என் வாசப்படி கீழ போவும். மழத்தண்ணி நடுவூட்டுல நிக்கும். இடிக்கவும் கூடாது. போர்டும் வோணாம்."

"பின்ன என்னதாம்மா செய்யச் சொல்லுத?"

"படிச்சவங்க நீங்க கீறீங்க. நீங்க சொல்லுங்க." ஷேர் ஆட்டோ வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தத் தீவின் பட்டியலைப் பற்றித் தேடிப் படித்தேன். அங்கே பட்டியலில் பேர் ஏறுவது பெரும்பாலும் ஒரு மரியாதை. சொந்தக்காரர் தன் பணத்தில் தன் வீட்டுக்கு மாடி எழுப்பினால், அந்தப் பேர் மட்டும் அவர் கையைப் பிடிக்காதாம். அண்ணாச்சி தகட்டைப் பார்த்தார். தகட்டுக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தை எப்படிப் போட்டோ எடுப்பது?

நம் சட்டத்தைத் திட்டிவிட்டுப் போவதும் சுலபம்தான். ஆனால் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே... அந்த நூறு மீட்டர் இல்லாவிட்டால் மாமல்லபுரத்துப் பாறைகளின் தலையில் இன்றைக்கு லாட்ஜ் நிற்கும். ரூம் பாய் ஒருவன் யானைச் சிற்பத்தின் முதுகில் பெட்ஷீட் உலர்த்துவான். எனக்கு அந்தச் சட்டமும் வேண்டும். எஸ்தரின் அப்பாவுக்கு ஒரு தளமும் வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத என் தமிழுக்குத் தெம்பில்லை.

மாமல்லபுரத்தில் பாதியில் விட்ட சிற்பங்கள் நிறைய. உளி நின்ற இடம் தெரியும். யாரோ ஓர் அரசன் முடிக்காமல் போன வேலைக்கு நாம் வேலி போட்டிருக்கிறோம், புல் வளர்த்திருக்கிறோம், டிக்கெட் கொடுக்கிறோம். வேலிக்கு வெளியே ஒரு மனிதர் முடிக்க முடியாமல் போன கூரையும் பாதியில் நின்ற வேலைதானே? அதற்கு முன்னால் நின்று யார் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்?

அண்ணாச்சியிடமிருந்து ஒரு வாரம் போன் இல்லை. பிறகு அவரே நேரில் வந்தார்.

"மனுவை அனுப்பலவே" என்றார். ஏதோ ஜாமீன் மறுக்கப்பட்ட ஆள் மாதிரி இருந்தார். "ஆனா சும்மாவும் இருக்க முடியல."

சுதந்திர தினத்தன்று கிராம சபை. அதற்கு அண்ணாச்சி ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு போனார். பழைய பாலத்துக்குச் சற்று மேற்கே, சாலையைக் கொஞ்சம் வளைத்து, புதுப் பாலம். பழையது நடப்பதற்கும் உட்காருவதற்கும். சாலையும் எஸ்தரின் வாசலை விட்டு விலகிப் போகும். எஸ்தர் எழுந்து ஆதரித்துப் பேசினார். கை தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

நெடுஞ்சாலைக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா? 'பார்க்கிறோம்' என்றிருக்கிறார்கள். பார்ப்பார்கள்.

கூட்டம் கலையும்போது அண்ணாச்சி எஸ்தரிடம் கேட்டதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். "தீர்மானம் சரிம்மா. போர்டு இல்ல, சட்டம் இல்ல. நாளைக்கு ஒருத்தன் ஜேசிபியோட வந்து நின்னா, என்ன காவல் இருக்கு?"

"நாங்க கீறோம் இல்ல?"

அண்ணாச்சி நம்பவில்லை. சத்தியமாகச் சொன்னால், நானும் நம்பவில்லை. மனிதர்கள் குடி மாறுவார்கள், கடன்படுவார்கள், களைத்துப்போவார்கள். தகட்டுக்குக் களைப்பு கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆவணி பிறந்ததும் எஸ்தர் வீட்டில் வேலை ஆரம்பம். எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார். சர்ச் ஐயா மொட்டைமாடியில் ஜெபம் பண்ணினார். அவர் 'ஆமென்' சொன்ன கையோடு மேஸ்திரி ஒரு தேங்காயை உடைத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் கேசரி.

மேஸ்திரி சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட ஆரம்பித்தார். இது சுவர். இது வாசல். இது அலமாரி. கோட்டால் ஆன ஒரு வீட்டுக்குள், கல்யாணம் ஆகப்போகிற பையன் கூச்சத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஓய்... இங்கன வாரும்."

அண்ணாச்சி மாடியின் ஓரத்தில், ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குரலில் ஏதோ தட்டியது. போய்ப் பார்த்தேன்.

பாலத்தின்மேல் நின்றால் பாலம் தெரியாது. கரையில் நின்றால் சீமைக்கருவேலம் மறைத்துவிடும். இங்கிருந்து தெரிந்தது. முந்தின நாள் மழையில் ஓடையில் தண்ணீர் அசையாமல் நின்றது. மூன்று கண்களும் தண்ணீருக்குள் தங்கள் கீழ்ப்பாதியைக் கண்டெடுத்து முழுவட்டமாகியிருந்தன. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் கொஞ்சம் வானம். எல்லாவற்றுக்கும் மேலே, இழுத்துக் கட்டியதுபோல அந்த நீலக் கோடு.

"இத்தன வருஷமா இதுங்கூடவே கெடக்கேன். முழுசா ஒருநாளும் பாத்ததில்லவே" என்றார். நூறு மீட்டருக்கு நன்றாகவே உள்ளே இருந்தது அந்த இடம். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவரே அளந்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

பின்னால் மேஸ்திரி கேட்டார்: "அக்கா, ஜன்னலை ரோட்டுப் பக்கம் வச்சிரவா? வாஸ்துக்கு நல்லது."

எஸ்தர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். "வோணாம். ஓடைப் பக்கம் வை. பெருசா வை."

அண்ணாச்சி சட்டென்று திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "பாலம் தெரியட்டும்னுதானம்மா?"

எஸ்தர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"காத்துக்கு சார். பாலம் எங்க போவப்போவுது?"