பேட்டரி இறங்கிய பாட்டு

பல் செட் செய்வதில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லாப் பல்லையும் வரிசையாக, ஒழுங்காக வைத்தால் தெருமுனையிலிருந்தே குட்டு வெளிப்பட்டுவிடும். ஒன்றை இம்மியளவு திருப்பி, இன்னொன்றின் முனையைக் கொஞ்சம் தேய்த்து, லேசாக மஞ்சள் கூட்டினால்தான் பார்க்கிறவர்கள் சொந்தப் பல் என்று நம்புவார்கள். இந்த வேலையில் முப்பத்திரண்டு வருடம் போட்டவள் இந்தக் கதையின் தங்கச்சி. ஒரு பல்லுக்கு ஒரு வருஷம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பிளாஸ்டர் தூசியும் மெழுகு வாசனையுமாக இருக்கும் அந்தச் சின்ன லேபில் அவள் கைக்கு மிஞ்சிய கை கிடையாது.

ஆனால் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட வேண்டிய ஒரே மனிதர், அவளுடைய அண்ணன், பதினோரு வருடமாக அவளோடு பேசவில்லை. சொத்துத் தகராறா என்று கேட்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள். சொத்தாவது மண்ணாவது, ஒரு பாட்டால் வந்த வினை.

அவளுக்குப் பதினாறு வயதில், அண்ணனும் அவளும் உயிரையே வைத்திருந்த ராக் இசைக்குழு உடைந்தது. நாலு பேர். பாட்டுக்காரர், கிடார்காரர், டிரம்ஸ்காரர், அப்புறம் பேஸ் கிடார் வாசிக்கும் தாடிக்காரர். ஏதோ பேச்சு முற்றி ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். செய்தித்தாளில் ஒரு சோப்பு விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி வந்தது. அண்ணன் அன்று சாப்பிடவில்லை. அம்மா பதறிப்போய், "யாருடா போயிட்டாங்க?" என்று கேட்டாள்.

பிரிந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. தனித்தனியாகப் பாடி, தனித்தனியாகக் கேசட் போட்டார்கள். அங்கேதான் சங்கடம். தனியாகக் கேட்டால் பாட்டுக்காரருக்குச் சர்க்கரை தூக்கல், கிடார்காரருக்குக் காரம் தூக்கல். டிரம்ஸ்காரர் பாடியதைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன்தான் ஆரம்பித்தார்.

"இவங்க சண்டை போடாம இருந்திருந்தா இந்த வருஷம் என்ன ஆல்பம் வந்திருக்கும்?"

"வரலையே."

"நாம போடுவோம்."

இரண்டு கேசட் போடுகிற டேப் ரெக்கார்டர் வீட்டில் இருந்தது. நாலு பேருடைய தனிக் கேசட்டுகளிலிருந்து பாட்டுகளைப் பொறுக்கி, ஒரு வெற்றுக் கேசட்டில் கோத்தார்கள். வராத ஆல்பம் வந்துவிட்டது. அட்டை வரைவது அவள் வேலை, பெயர் வைப்பது அவர் வேலை. சட்டமும் போட்டார்கள். நாலு பேருக்கும் ஆளுக்கு இரண்டு பாட்டாவது இருக்க வேண்டும். எல்லாம் அந்த வருடத்துப் பாட்டாகவே இருக்க வேண்டும். ஒருவர் அந்த வருடம் ஒன்றும் போடவில்லையா, ஆல்பமே கிடையாது. ரயிலுக்குக்கூட இவ்வளவு விதி இருக்காது, போங்கள்.

சர்க்கரைக்குப் பக்கத்தில் காரத்தை வைத்தபோது இரண்டும் சரியாகிவிட்டன. டிரம்ஸ்காரர் பாட்டுகூட இடுக்கில் நன்றாகத்தான் இருந்தது. அடியில் தாடிக்காரர் எல்லாரையும் தாங்கிக்கொண்டிருந்தார். கண்ணை மூடினால் நாலு பேரும் ஒரே அறையில் நிற்பதுபோல இருக்கும். அவள் கல்யாணமாகி மூன்று பஸ் நிறுத்தம் தள்ளிப் போனாள். அண்ணன் தபால் பிரிக்கும் அலுவலகத்தில் சேர்ந்தார், அண்ணி வந்தாள், பையன் பிறந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாறவில்லை. இருபத்தைந்து வருடத்தில் பதினோரு ஆல்பம்.

அப்புறம் தாடிக்காரர் இறந்துபோனார். அண்ணன் டேப் ரெக்கார்டரின் மேல் துணியைப் போட்டு மூடினார். "அவ்வளவுதான், இனிமே நாலு பேர் இல்ல," என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போனால் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு, வந்தவளுக்கு ஒரு தலையசைப்பு. அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நாள், லேபில் வேலை செய்துகொண்டே சின்ன ரேடியோ கேசட் பெட்டியில் தாடிக்காரரின் பழைய கேசட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் வார்த்தையே இல்லாத ஒரு வேகமான பாட்டு உண்டு. அண்ணனுக்கு அது ஆகவே ஆகாது. ஆரம்பித்த உடனே நாடாவை ஓட்டித் தாண்டிவிடுவார், அரை நிமிடத்துக்கு மேல் அவர் அதைக் கேட்டதே இல்லை. அன்றைக்குப் பெட்டியில் பேட்டரி இறங்கியிருந்தது. பாட்டு தள்ளாடி, மெதுவாக, கனமாக வந்தது. ஒரு வயதான மனிதர் இருட்டில் வழி தேடி நடப்பதுபோல. அவள் கையில் இருந்த மெழுகு ஆறிப்போனது.

பாவி, இன்னொரு டேப் ரெக்கார்டரை எதிரே வைத்து அப்படியே பதிவு செய்தாள். அண்ணனுக்குத் தெரிந்த ஆரம்பத்தை விட்டு நடுவிலிருந்து எடுத்தாள், கொஞ்சம் இரைச்சல் சேர்த்தாள். இம்மியளவு திருப்புவதும் மஞ்சள் கூட்டுவதும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அதை இரண்டாக வெட்டி, மற்ற மூவருடைய புதுப் பாட்டுகளுக்கு நடுவில் வைத்து, பன்னிரண்டாவது ஆல்பமாக்கி எடுத்துப் போனாள். "ரேடியோல போட்டாங்க. அவரு கடைசியா வாசிச்சதாம்," என்று ஒரு பொய்.

அண்ணன் கேட்டார். கேட்டு, தங்கச்சி எதிரில் முதல் தடவையாக அழுதார். அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டாள்.

அடுத்த வாரத்துக்குள் அவர் ஓர் இசைப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவிட்டார். உலகத்துக்கே தெரியாத கடைசிப் பாட்டு தன்னிடம் இருக்கிறது என்று இரண்டு பக்கம். நகல் எடுத்தால் தரம் போய்விடும் என்று அந்தக் கேசட்டையே உள்ளே வைத்து அனுப்பினார். பத்திரிகை கடிதத்தை முழுசாகப் போட்டு, கீழே பதிலும் போட்டது. 'அன்பர் அனுப்பிய கேசட்டைக் கேட்டோம். இது பல வருடங்களுக்கு முன்பே வந்த பாட்டு. அன்பர் தயவுசெய்து பேட்டரியை மாற்றவும்.'

கேசட் திரும்பி வரவில்லை. அலுவலகத்தில் யாரோ அந்தப் பக்கத்தைக் கிழித்து அறிவிப்புப் பலகையில் குத்தினார்கள். அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை அவர் பெயர் பேட்டரி. அவர் தங்கச்சி வீட்டுக்கு வந்தார், பத்திரிகையை மேஜையில் வைத்தார். "நீ சொல்லியிருக்கலாம்," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

பதினோரு வருடம் கழித்துப் போன செவ்வாய்க்கிழமை அண்ணி போன் செய்தாள்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கிளம்பறோம்மா, பையன் வீட்டுக்கே. திரும்பி வர்றதா இல்ல. கேசட் எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்றாரு உங்க அண்ணன். உனக்கு வேணுமா?"

"அண்ணா கேக்கச் சொன்னாரா?"

"அவரு எதைக் கேக்கச் சொல்லியிருக்காரு? நீ வா."

இனி பத்து நாள்தான். அதற்குள் பேசாவிட்டால் பேசாமலேயே போய்விடும். இது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நாலு நாள் லேபிலிருந்து வந்ததும் உட்கார்ந்து, பன்னிரண்டாவது ஆல்பத்தைச் சட்டப்படி மறுபடி செய்தாள். மூன்று பேர் பாட்டு. தாடிக்காரருக்கு உரிய இரண்டு இடத்திலும் ஒன்றும் இல்லை. தலா நாலு நிமிடம் வெறும் நாடா. சனிக்கிழமை காலை அதையும் அந்தப் பழைய ரேடியோ கேசட் பெட்டியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். வழியில் மறக்காமல் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாள். சூடு கண்ட பூனை அல்லவா.

அண்ணன் வீட்டுக் கூடமெங்கும் அட்டைப்பெட்டிகள். அவர் ஒரு பெட்டிக்கு ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டிருந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தார். மறுபடி ஒட்டத் தொடங்கினார். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் நழுவினாள்.

வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். அதைச் சொல்லாமல் பெட்டியைத் தரையில் வைத்துக் கேசட்டை ஓடவிட்டாள்.

பாட்டுக்காரர் பாடினார். கிடார்காரர் பாடினார். அண்ணன் ஒட்டிக்கொண்டே இருந்தார். மூன்றாவது இடத்தில் வெறும் நாடா ஓட ஆரம்பித்தது. ஒட்டுகிற சத்தம் நின்றது.

"நின்னுடுச்சா?" பதினோரு வருடத்தில் முதல் வார்த்தை.

"இல்ல, ஓடுது. இது அவரோட இடம். இந்தத் தடவ பொய் வைக்கல." அப்புறம்தான் மிச்சமும் வந்தது. "மன்னிச்சுக்கோ அண்ணா. நீ அழுததப் பார்த்தேன், சொல்ல மனசு வரல."

பெட்டியிலிருந்து சர்ரென்ற சத்தம் மட்டும். ஒரு நிமிடம் போயிருக்கும். அவர் வாய்க்குள்ளேயே ஏதோ முனகுவது கேட்டது. முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. அப்புறம் பிடிபட்டது. அந்தப் பாட்டு. அதுவும் கேசட்டில் வந்த வேகத்தில் அல்ல. தள்ளாடி, மெதுவாக, கனமாக, அவள் செய்த வேகத்தில்.

அந்த இடம் முடியும்வரை முனகினார். டிரம்ஸ்காரர் ஆரம்பித்ததும் பெட்டியை நிறுத்தினார்.

"பேட்டரினு கூப்பிட்டாங்க, அது பழகிடுச்சு," என்றார். "ஒரிஜினலையும் ஒழுங்காக் கேட்டுப் பார்த்தேன். அதுல மனுஷன் ஓடறாரு. எதுக்கு ஓடறாருன்னே தெரியல. கேசட் சக்கரத்துல விரல வெச்சு அமுக்கினேன், நாடா சிக்கிக்கிச்சு. உன்னோடது மாதிரி வரவே இல்ல. அந்தக் கேசட்ட அனுப்பியிருக்கவே கூடாது. எனக்கு அதுதான் ஆறல."

"பழைய பேட்டரி போட்டா வந்திருக்குமே அண்ணா."

"பேட்டரியா?" சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "சுவர்க் கடிகாரத்துக்குக்கூட இந்த வீட்டுல நான்தான் பேட்டரி மாத்தணும். அவரு தொட மாட்டாரு."

அண்ணன் காதில் விழாததுபோல இருந்தார். தூக்கிப் போட வைத்திருந்த மூட்டையை அவிழ்த்து, கையை விட்டுத் துழாவி, தாடிக்காரரின் கேசட்டை எடுத்தார். அவள் பெட்டியில் போட்டார். அவர் எப்போதும் ஓட்டிவிடும் அந்தப் பாட்டு குதித்துக்கொண்டு வந்தது. அவர் ஓட்டவில்லை.

"உள்ள என்ன பேட்டரி?"

"புதுசு. இப்பதான் வாங்கிப் போட்டேன்."

"இறங்க எவ்வளவு நேரமாகும்?"

"சத்தமா வெச்சாலும் நாளைக்கு ஆயிடும்."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவர் சத்தத்தை முழுசாகத் திருகினார். காலையிலிருந்து ஒட்டிய பெட்டிகளில் ஒன்றை இழுத்து, ஒட்டுநாடாவைக் கிழித்து, உள்ளேயிருந்து அந்த இரட்டை டேப் ரெக்கார்டரை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தார்.

"அப்ப இருந்துட்டுப் போ," என்றார்.