கப்பல் கிளம்பும் வரை கல்லாவில் ஒரு யானை

ஊரே சேர்ந்து என்னை வழியனுப்பிவைத்த மறுநாள் நான் ஊருக்குத் திரும்பி வந்தேன். சிங்கவரம் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் வரவேற்றது நானேதான். நண்பர்கள் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அதில் கழுத்துக்கு மேலே நான். கழுத்துக்குக் கீழே போட்டோக் கடைக்காரர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கறுப்புக் கோட்டு. பின்னால் ஒரு கப்பல், எங்கள் ராஜா கோட்டை மலையை விடப் பெரிதாக. ‘கடல் தாண்டிச் செல்லும் சிங்கவரத்துச் சிங்கமே, சென்று வா, வென்று வா’ என்று எழுதியிருந்தது. சிங்கம் சூட்கேஸைக் கீழே வைத்துவிட்டு அதைப் படித்தது.

கொரோனா தொடங்கிய மார்ச் மாதம் அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதற்கப்புறம் கேட்டரிங் படித்தேன். ஒரு சொகுசுக் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கும் வேலைக்குத் தேர்வானேன். சென்னையில் விமானத்துக்குக் காத்திருக்கும்போது ஏஜென்ட் ஆபீஸிலிருந்து போன் வந்தது. கப்பல்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கின்றனவாம். “வீட்டுக்குப் போய் இரு தம்பி, அடுத்த மாசம் கூப்பிடுறோம்” என்றார்கள்.

வீட்டு வாசலில் அம்மா என்னைத் தடுத்தாள்.

“அங்கயே நில்லு. ஆரத்தி சுத்தி அனுப்பின புள்ள பாதியில திரும்பி வரக்கூடாது. வந்துட்ட. உட்காந்து ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு உள்ள வா.”

கிளம்பியவர் எதையாவது மறந்து திரும்பி வந்தால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் சூட்கேஸ் மேலேயே உட்கார்ந்து குடித்தேன். நைனா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“கொடைய மறந்துட்டு வந்தவன் தண்ணி குடிப்பான். இவன் இன்னாத்த மறந்துட்டு வந்தான், கப்பலையா?”

நைனா செஞ்சி கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர். கமிட்டி என்றால் விவசாயிகள் நெல்லையும் மணிலாக்கொட்டையையும் கொண்டுவந்து விற்கும் கூடம். அங்கே மூட்டை இறக்க வந்த ஒவ்வொருவரிடமும் மகன் கப்பலுக்குப் போவதைச் சொல்லியிருந்தார். இப்போது அத்தனை பேரும் கேட்டார்கள். கொஞ்ச நாளில் என் பெயரே கப்பல் என்று ஆகிவிட்டது. “கப்பலு, சாப்டியா?” என்பார்கள். “கப்பலு, ஒரு கை புடி, வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு” என்பார்கள்.

அடுத்த மாதம் வந்தது, போனது. ஏஜென்ட் ஆபீஸிலிருந்து போனில் ஆங்கிலத்தில் செய்தி வரும். சாயங்காலம் நைனா கைகால் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்காருவார்.

“இன்னா வந்துகுது, படி.”

முதலில் ஆங்கிலத்திலேயே படிக்க வேண்டும். அது முடியும்வரை அவர் தலையசைத்துக் கேட்பார். பிறகு தமிழில் சொல்ல வேண்டும். சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஜூன் மாதம் கிளம்பலாம், டென்டேடிவ். அக்டோபரில் கிளம்பலாம், டென்டேடிவ்.

“டென்டேடிவ்னா?”

“ஆனாலும் ஆவும், ஆவாமலும் போவும்னு அர்த்தம் நைனா.”

அவருக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. மறுவாரமே தெருவில் புழங்க ஆரம்பித்துவிட்டது. குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்டால் டென்டேடிவ். கரண்ட் வருமா, டென்டேடிவ். பக்கத்து வீட்டு அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பதில் சொல்லாமல் போனபோது, அவளே சிரித்துக்கொண்டு, “மாப்ள டென்டேடிவ்” என்றாள்.

நான் பயந்தது ஒன்றுக்குத்தான். கப்பல் ஓட ஆரம்பிக்கும்போது எங்களைக் கூட்டம் கூட்டமாகத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடும் நேரத்தில் வேலை மறந்தவன் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவான். கையோ மறந்துகொண்டேயிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் கமிட்டியில் நைனாவோடு மூட்டை பிடித்ததில் விரல்கள் தடித்துவிட்டன.

அந்தச் சமயத்தில்தான் செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஓட்டலில் ஆள் கேட்டார்கள். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பேனர்ல இருந்தவன்தான நீ? கப்பல் கூப்ட்டா போயிடுவியா?”

“போயிடுவேண்ணா.”

பரோட்டாக் கல்லுக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் சொன்னார். “தாராளமா வச்சுக்குங்க மொதலாளி. செஞ்சிக்கு பஸ்ஸுதான் வரும்.”

வேலையில் சேர்ந்தேன். ஊரடங்கு தளர்ந்தால் மேசையில் பரிமாறுவேன், இறுகினால் பார்சல் கட்டுவேன். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் டவல் மடித்துப் பழகுவேன். கப்பலில் அறையைச் சுத்தம் செய்து முடித்ததும், கட்டில் மேல் டவலால் ஒரு யானையோ அன்னமோ செய்து வைத்துவிட்டு வர வேண்டும். பெரிய டவலை இரண்டு பக்கமும் நடுவரை சுருட்டி வளைத்து நிறுத்தினால் நாலு கால். சின்ன டவலை முக்கோணமாக மடித்து, ஓரங்களைச் சுருட்டினால் தும்பிக்கை. மேல்மடிப்பை இழுத்துவிட்டால் காது. படிக்கும்போது பாண்டிச்சேரியில் வாங்கிய வெள்ளை டர்க்கி டவல், பெரிதும் சிறிதுமாக ஒரு ஜோடி, என்னிடம் இருந்தது.

ஒருநாள் முதலாளி அதைப் பார்த்துவிட்டார்.

“இது இன்னாபா?”

“யானைணா. கப்பல்ல கட்டில் மேல வக்கணும். பாக்குறவங்க சந்தோஷப்படுவாங்க.”

“கட்டில் மேலயா? கால் நீட்டிப் படுக்குற எடத்துலயா?”

அவர் முகம் மாறிவிட்டது. இரண்டு கையாலும் யானையைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். அழகுக்கு வைக்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் யானையின் நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம், கழுத்தில் ஒரு முழம் மல்லி. முன்னால் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

“அண்ணா, அது டவல்ணா.”

“மெதுவாப் பேசு” என்றார் முதலாளி.

அன்றைக்கென்று வியாபாரம் நன்றாக நடந்துவிட்டது. அதற்கப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பார்சல் வாங்க வந்தவர்கள் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருவர் புது பைக்கின் சாவியை யானையின் காலடியில் வைத்து எடுத்தார். நான் மாஸ்டரிடம் முறையிட்டேன். அவர் மாவைத் தட்டிக்கொண்டே, “கல்லு சாமியாவுது, மஞ்சள் சாமியாவுது, துணி ஆவக் கூடாதா? நீ செஞ்சது அவ்ளோ நல்லா வந்துகுது, அதான் உன் தப்பு” என்றார்.

சாமியைப் பிரித்து டவல் மடித்துப் பழக முடியுமா? வீட்டில் நைனாவின் தலைத்துண்டில் முயன்றேன். அது மெல்லிசு. யானை நிற்கவில்லை, பட்டினி கிடந்த கன்றுக்குட்டி மாதிரி கால் பரப்பிப் படுத்தது. அம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு மொதல்ல கஞ்சி குடு” என்றாள்.

இதற்குள் வெளிநாடுகளில் ஒன்றிரண்டு கப்பல்கள் ஓட ஆரம்பித்ததாகச் செய்தி வந்தது. நாங்கள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் மூன்றாவது அலை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு. ஓட்டலில் பார்சல் மட்டும். அப்படிப்பட்ட ஒரு ஞாயிறு காலையில் ஏஜென்ட் ஆபீஸ் கூப்பிட்டது.

“இன்னைக்கு மூணு மணிக்கு வீடியோல கம்பெனிக்காரங்க வருவாங்க. எல்லாரும் சும்மா இருந்துட்டீங்க, கை எப்படி இருக்குதுன்னு பாக்கணுமாம். படுக்கை விரிச்சு, டவல் யானை செஞ்சு காட்டணும். பாஸ் ஆனா இந்த பேட்ச். இல்லன்னா எப்போன்னு எனக்கே தெரியாது.”

செஞ்சிக் கடைத்தெரு முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது. டவல் வாங்க வழியில்லை. நான் போய்க் கல்லாவுக்கு முன்னால் நின்றேன். யானை மல்லிப்பூவோடு என்னைப் பார்த்தது. முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“சாமியப் பிரிக்கச் சொல்றியா?”

“வேற டவல் இல்லணா.”

“எனக்கு ஒண்ணும் இல்லபா. குடும்பம், குட்டி, அடுப்பு, எல்லாம் இருக்குது. நாளைக்கு எதனா ஒண்ணு ஆச்சுன்னா?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த ஓட்டலை நம்பி அவர் வீடு இருந்தது. எனக்கும் அவரை வற்புறுத்த வாய் வரவில்லை. ஏஜென்ட் ஆபீஸைக் கூப்பிட்டு, என்னால் முடியாது என்று சொல்லிவிடலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். அப்போது மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“மொதலாளி, சதுர்த்தி முடிஞ்சா புள்ளையார இன்னா பண்றோம்?”

“கரைக்கிறோம்.”

“அப்போ கரைச்சிடுவோம். கரைச்சா குத்தமா?”

முதலாளி மாஸ்டரைப் பார்த்தார். பிறகு சட்னிக்கு வைத்திருந்த தேங்காயில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கினார். கற்பூரம் காட்டினார். தேங்காயை உடைத்தார். யானையை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, பாத்திரம் கழுவும் இடத்துக்கு நடந்தார். நானும் மாஸ்டரும் பின்னால் போனோம். நிறைய தண்ணீர் பிடித்த பக்கெட்டில் மூன்று முறை முக்கி எடுத்து, நான்காவது முறை விட்டுவிட்டார். நான் சோப்புத்தூள் போட்டேன்.

“அது எதுக்கு?”

“நல்லா கரையட்டும்ணா.”

உடைத்த தேங்காய் சட்னிக்கே திரும்பிப் போனது. டவல்களை மாஸ்டர் பரோட்டாக் கல்லின் அனலுக்கு மேல் கொடி கட்டிக் காயப்போட்டார். “ரெண்டு பக்கமும் வேவணும்” என்று புரட்டிப் புரட்டிப் போட்டார். நெற்றிக் குங்குமம் மட்டும் முழுதாகப் போகவில்லை. ரோஜா நிறத்தில் ஒரு வட்டம் நின்றது.

கட்டிலுக்கு இரண்டு மேசைகளைச் சேர்த்தோம். விரிப்புக்கு முதலாளி தன் சலவை வேட்டியைக் கொடுத்தார். போனை ஊறுகாய் ஜாடி மேல் சாய்த்து வைத்தேன். திரையில் ஒரு அம்மையார் வந்தார். நான் வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்து, மூலைகளை மடித்துச் செருகினேன். அப்புறம் டவலை எடுத்தேன். விரல்கள் முதல் சுருட்டலில் தடுமாறின. அனலில் காய்ந்த டவல் விறைப்பாக இருந்தது. அதுவே உதவியாயிற்று, நாலு காலும் ஊன்றி நின்றது. தலையைப் பொருத்தி, காதை இழுத்துவிட்டு நகர்ந்தேன். அந்த வட்டம் சரியாக நெற்றி நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது.

நெற்றியில் அது என்ன என்று அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டார். பொய் சொல்லத் தெரியவில்லை. “மேடம், இன்று காலைவரை இது சாமியாக இருந்தது” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் திரைக்கு அருகில் வந்து பார்த்தார். பின்னால் நிற்பவர்கள் யார் என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். முதலாளியும் மாஸ்டரும் வரிசையாக நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எங்கள் பயணிகள் இவ்வளவு மரியாதை தரமாட்டார்கள், தயாராக இருந்துகொள்ளுங்கள்” என்றார் அம்மையார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “இந்த பேட்சிலேயே கப்பலில் பார்ப்போம்” என்று முடித்தார்.

இந்த முறை டென்டேடிவ் என்ற வார்த்தையே வரவில்லை. டிக்கெட் வந்தது. நைனா அதை ஆங்கிலத்தில் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். டவல் யானை முழு அலங்காரத்தோடு கல்லாவுக்குத் திரும்பிவிட்டது. “கரைச்ச புள்ளையாரு அடுத்த வருஷம் வரலியா, அப்டித்தான்” என்றார் முதலாளி.

அம்மா யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். ஆரத்தி இல்லை, பேனர் இல்லை. பழைய பேனர் அப்போது எங்கள் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாக இருந்தது. கப்பல் மேல் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. சூட்கேஸைச் சாக்குக்குள் திணித்து, வாயைக் கட்டி, நைனா தலையில் தூக்கிக்கொண்டு கமிட்டிக்குப் போவதுபோல் முன்னால் போனார். நான் ஓட்டலுக்குப் போவதுபோல் வெறுங்கையோடு கிளம்பினேன். அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு வழியை மறித்தாள்.

“உட்காரு. குடி.”

“நான் இன்னும் போகவே இல்லியேம்மா.”

“திரும்பி வந்தா குடிக்கிற தண்ணிய இப்பவே குடிச்சிட்டுப் போ. அப்போ திரும்பி வர வேலை இருக்காது.”

உட்கார்ந்து குடித்தேன். நிறுத்தத்தில் ஒருவர், “இன்னா கப்பலு, வேலைக்கா?” என்று கேட்டார். “ஆமாண்ணா, வேலைக்குத்தான்” என்றேன். எங்கே என்று அவரும் கேட்கவில்லை.

கப்பலில் என் முதல் சாயங்காலம், ஒரு அறையைச் சுத்தம் செய்து கட்டில் நடுவில் யானையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன். நீச்சல் முடித்து ஈரத் தலையோடு வந்த வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர், “அற்புதம்” என்று சொல்லிக்கொண்டே யானையின் தும்பிக்கையைப் பிடித்து இழுத்தார். யானைத் தலை டவலாகிப்போனது. அதைக்கொண்டே தன் காதைத் துடைத்தார். என் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விட்டது. முகக்கவசத்தைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தேன்.

ஒரு துறைமுகத்தில் சிக்னல் கிடைத்ததும் ஓட்டலுக்குப் போன் போட்டேன். முதலாளி எடுத்தார்.

“சாப்டியாபா? அங்க யானை எப்டி இருக்குது?”

“இங்க தினமும் கரைக்கிறாங்கணா.”

அவருக்குப் பின்னாலிருந்து பரோட்டா தட்டும் சத்தத்தோடு மாஸ்டரின் குரல் கேட்டது.

“தேங்கா ஒடைக்கிறாங்களான்னு கேளுங்க.”