விளக்குக் கம்பத்தில் ஒரு குடித்தனம்

பறவை குடியிருக்கும் இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்று, தான் குடியிருக்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்ட மடையன் இந்தப் பாரிஸில் ஒருவன்தான். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். முகம் வழிக்கும்போது தினமும் கண்ணாடியில் வருவான்.

2012 இளவேனில். மனைவி யாழ்ப்பாணத்தில். அவளைக் கூப்பிட மனுக் கொடுப்பதென்றால் என் பெயரில் ஒரு வீடு வேண்டும். நானோ மார்க்ஸ் டோர்மோய் பக்கம், ஐந்து பேரோடு ஓர் அறையில். எனக்கு வாய்த்தது உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடம். மெசின் சுற்றினால் நானும் சேர்ந்து நடுங்குவேன். "வீடு கிடைச்சதோ?" என்று அவள் கேட்காத நாளில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்தே, எங்கே உட்கார்ந்தாலும் என் கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும்.

ஒருவழியாகப் பாரிஸுக்கு வெளியே திரான்சியில் ஒரு வீடு வந்தது. வீட்டுக்காரர் நம்மாள். "நாளைக்குப் பின்னேரம் ஆறு மணிக்குள்ளை வாரும். பிந்தினா அடுத்த ஆளுக்குத்தான்" என்றார். அன்றைக்கென்று பார்த்து, நான் வேலைசெய்யும் லா சப்பல் கடைச் சாமான்களோடு, விடியமுன்னமே பிரான்சின் கிழக்கு எல்லையிலுள்ள அல்சாஸ் பக்கம் போகவேண்டி வந்தது. வான் ஓட்டுகிற அண்ணை, "மத்தியானமே அங்கையிருந்து வெளிக்கிட்டிடுவம், பயப்பிடாதை" என்றார். சொன்னபடி வெளிக்கிடவும் செய்தோம்.

திரும்பும் வழியில் ஓர் ஊர். தேவாலயக் கூரையில் பெரிய சுள்ளிக் குவியல். அதன்மேல் செங்கால் நாரை ஒன்று, ஒழுங்காக வரி கட்டும் வீட்டுக்காரர் மாதிரி நின்றது.

"அண்ணை, ஒரேயொரு படம்."

பிறகு ஒரு புகைபோக்கியில் இன்னொன்று. பிறகு மின்கம்பத்தில். அதற்கு இரும்புத் தட்டே அடித்துக் கொடுத்திருந்தார்கள்! வீடு தர எங்களிடம் கேட்பதுபோல் சம்பளத் துண்டு கேட்கவில்லை, பிணை நிற்க ஆள் கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. கடைசியாக, உதைபந்து மைதானத்து விளக்குக் கம்பத்தில் ஒரு நாரை குச்சியை வைத்தது, பிடிக்காமல் எடுத்தது, திரும்ப வைத்தது.

"ஆண்தான் முதல் வந்து கூட்டைத் திருத்துமாம். பொம்பிளை பிறகுதான் வருமாம்" என்றார் அண்ணை.

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மனைவிக்குக் காட்ட வீடியோ எடுத்தேன். இன்னும் கொஞ்சம் எடுத்தேன். ஹோர்ன் அலறியது.

"டேய், உனக்கு வீடு பாக்கோணுமோ, நாரை பாக்கோணுமோ?"

"ரெண்டும் பாத்திடலாம் அண்ணை."

"பார், பார். வீடு தவறினா அந்தக் கம்பத்திலை ஏறி இரு."

பாரிஸ் வாசலில் வாகனங்கள் அசையவில்லை. நான் கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன், மணி பார்த்தேன், மறுபடி இறக்கினேன். "நீ துள்ளுறதாலை வான் ஓடாது" என்றார் அண்ணை.

திரான்சியில் குதித்து இறங்கி ஓடினேன். படிக்கட்டில் ஓர் இளஞ்சோடி. அவர்களின் கைக்குழந்தை வீட்டுத் திறப்பைச் சாவி வளையத்தோடு வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற வீட்டுக்காரர் கையை விரித்தார். "இப்பதான் தம்பி, குடுத்தன்."

தெருவில் மேலும் கீழும் நடந்தபடியே மனைவிக்குப் போன் எடுத்தேன். வீடு போனதைச் சொன்னேன். ஏன் பிந்தினேன் என்பதையும் மறைக்கவில்லை. சமாளிக்கலாமென்று நாரையையே துணைக்கு இழுத்தேன்.

"இஞ்சை பாரும், அதுகளிலையும் ஆண்தான் முன்னுக்கு வந்து கூட்டைச் சரிபண்ணுமாம். பொம்பிளை பிறகு ஆறுதலா வருமாம். நானும் அப்பிடித்தானே..."

"அது மற்றவையின்ரை கூட்டைப் பாத்துக்கொண்டு நிக்கேல்லை."