காவி இட்ட செம்பருத்தி

எங்கள் மகர்பட்டா குடியிருப்பின் கிளப் ஹவுஸில் ஞாயிறுதோறும் வாட்டர்கலர் வகுப்பு. கோடு போடாமல், கை போன போக்கில் பூ வரைவது. சேர்ந்தவர்களில் முக்கால்வாசி சாஃப்ட்வேர் ஆட்கள். கை போன போக்கில் போவதற்கும் விதிமுறை கேட்டார்கள். தண்ணீர் எத்தனை பங்கு, கலர் எத்தனை பங்கு என்று ஒருவர் போனில் குறித்துக்கொண்டார். சொல்லிக்கொடுத்த மராத்திப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "சோட் தோ. ஹாத் மத் லகாவோ." விட்டுவிடு, கையை வைக்காதே. அது மட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் முடியவில்லை. ஈரம் காய்வதற்குள் திருத்தப் போய், எல்லாப் பூவையும் ரசம் துடைத்த துணியாக்கினார்கள்.

நானும் பல வாரம் தாளைப் பாழாக்கினேன். ஒரு ஞாயிறு செம்பருத்தி வந்துவிட்டது. ஈரத்தாளில் பிரஷ்ஷை வைத்ததும் சிவப்பு தானாக ஓடி, ஓரத்தில் வெளிறிக் கரைந்து நின்றது. நான் கையை எடுத்துவிட்டேன். இன்னொன்று வரை என்றால் எனக்கே வராது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், உப்பு குறைச்சல் என்று யாரும் சொல்ல முடியாதபடி நான் செய்த ஒரே பொருள் அது. கொலுவுக்கு வருகிறவர்கள் கண்ணில் படும்படி ஹாலில் மாட்ட நினைத்தேன். பாராட்டுக்கு ஆசைப்பட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

கொலுவன்று சுண்டலைத் தாளித்துவிட்டு வந்தால், என் கணவர் பிரவுன் ஸ்கெட்ச் பேனாவை மூடிக்கொண்டிருக்கிறார். ஹிஞ்சேவாடி சாஃப்ட்வேர் கம்பெனியில் அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவர் உத்தியோகம். லீவு நாளிலும் அந்தக் கை சும்மா இருக்காது. என் செம்பருத்தியின் ஒவ்வொரு இதழைச் சுற்றியும் கெட்டியாக ஒரு கோடு.

"என்னன்னா இது?"

"ஓரமே இல்லாம கரைஞ்சு கெடந்தது. கோலம் போட்டா சுத்திக் காவி இடறதில்லையா? இப்பப் பாரு, முடிஞ்ச மாதிரி இருக்கு."

அவர் முகத்தில் உபகாரம் செய்த களை வேறு. அந்த முகத்தோடு சண்டை போடுவதே எனக்குக் கேவலமாக இருந்தது.

சாயங்காலம் வந்த மாமிகள் கொலுவை விட்டுவிட்டுப் படத்தின் முன்னால் நின்றார்கள்.

"ஏக்தம் பர்ஃபெக்ட்! அச்சடிச்ச மாதிரின்னா இருக்கு! எங்காத்துக்கும் ஒண்ணு வேணும். யார் போட்டது?" என்றாள் ஒருத்தி. அச்சடித்த மாதிரி வேண்டுமென்றால் காலண்டர் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியதுதானே.

"அவதான். நான் சும்மா முடிச்சுக் குடுத்தேன்" என்றார் இவர்.

"இல்லே மாமி, முழுக்க அவர் போட்டதுதான்" என்றேன்.

உறைக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் மறுக்கவே இல்லை. அசடு வழியச் சிரித்துவிட்டு, உங்களுக்கு எந்தக் கலர் வேணும் என்று மாமியைக் கேட்டார்.

அந்தப் படம் இன்னும் ஹாலில்தான் தொங்குகிறது. நான் இப்போதும் ஞாயிறுதோறும் வரைகிறேன். சில பூக்கள் நன்றாகவே வருகின்றன. காய்ந்ததும் கிளப் ஹவுஸ் அலமாரியிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருகிறேன்.

"இன்னிக்கு என்ன பூ?" என்று கேட்பார்.

"ஒண்ணும் சரியா வரலே."

"ஆத்துக்கு எடுத்துண்டு வா, நான் சரி பண்ணித் தரேன்" என்பார்.