சுகமாக ஆடிய ரோலர்

பாகலூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மண் நிரப்பி இறுக்கும் வேலையில் நான் பொறியாளராக இருந்தேன். ரோலர் ஓட்டியவருக்கு என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, புருவமெல்லாம் செம்மண். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு, இறுக்கிய மண்ணில் வெறுங்காலோடு நடந்து பார்ப்பார்.

மறுநாள் கான்கிரீட் போடவேண்டும். நான் மண்ணைச் சோதித்த இடங்களெல்லாம் தேறிவிட்டன. அவர் மட்டும் ஒரு மூலையைக் காட்டி, "இங்க சரியில்ல சார்" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"மத்த எடத்துல ரோலர் குலுக்கி இடுப்ப ஒடைக்குது. இங்க வந்தா தொட்டில்ல ஆட்டற மாதிரி சொகமா இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கனமான இயந்திரம் உட்காரப்போகிற இடம் அது. மனம் கேட்காமல் தோண்டச் சொன்னேன். முழங்கால் ஆழத்துக்குக் கீழே ஒரு பழைய குப்பைக் குழி இருந்தது. உள்ளே மட்கிய தக்காளிச் செடிகளும் உடைந்த கூடைகளும் கிடந்தன.

எல்லாவற்றையும் அள்ளிவிட்டு, நல்ல மண் போட்டு, தண்ணீர் தெளித்து மறுபடியும் இறுக்கினோம். சாயங்காலம் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"இப்ப நல்லா வலிக்குது சார். கான்கிரீட் போடுங்க."

குறை எப்படித் தெரியவந்தது என்று அறிக்கையில் எழுதவேண்டும். 'ஓட்டுநரின் இடுப்பு' என்றே எழுதினேன். அதற்கு மேல் பொருத்தமான சொல் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.