தொண்ணூற்றாறு சதவீதம் வகுப்புக்கு வந்தவன்

கல்லூரி திறக்கும் வாரத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி என்னைத்தான் மேடையேற்றுவார்கள். இங்கே ஆசிரியனாகச் சேர்ந்ததிலிருந்து நானும் பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு வராதீர்கள், புரியாததை அன்றைக்கே கேளுங்கள், முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் தலை போய்விடாது. கைதட்டுவார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் பிடிப்பதில்லை. உண்மையில் சொல்ல வேண்டிய ஒன்றை இதுவரை அங்கே சொன்னதில்லை.

இதே கல்லூரியில் நான் முதலாண்டு படித்தபோது விடுதி அறையில் மூன்று பேர் இருந்தோம். நான், நெட்டை, பூட்டு. நெட்டைக்கு ஏன் அந்தப் பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை. பூட்டு, அறையைப் பூட்டிவிட்டு மூன்று படி இறங்குவான், திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். இரண்டாம் நாளே பெயர் வைத்துவிட்டோம். அவனும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டான். அவன் அப்பா லாரிகளுக்கு டயர் மாற்றும் கடை வைத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவன்தான்.

பள்ளியில் அவன் எப்போதும் முதல் மாணவன். அவன் விடைத்தாளை ஆசிரியர் வகுப்பு வகுப்பாக எடுத்துப்போய்க் காட்டுவாராம். இங்கே கணக்குப் பேராசிரியர் பலகையை நிரப்பி, நாங்கள் பாதி எழுதுவதற்குள் அழித்துவிடுவார். முதல் தேர்வில் பூட்டு ஐம்பதுக்குப் பதினொன்று வாங்கினான். நான் பதினாலு. நான் பள்ளியிலும் அப்படித்தான் என்பதால் எனக்கு அது ஒரு செய்தியே இல்லை. அவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கும் வராமல் படுத்துவிட்டான்.

மறுநாள் தலைவலி என்றான். அதற்கு மறுநாள் வயிற்றுவலி. மூன்றாம் நாள் காரணம் சொல்லவும் இல்லை, போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே வருகை குறைந்தால் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கடிதம் போகும். நண்பன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நானும் நெட்டையும் ப்ராக்ஸி கொடுக்க ஆரம்பித்தோம். அவன் வரிசை எண் முப்பத்தேழைக் கூப்பிட்டதும் ஒருநாள் நான் குனிந்துகொண்டு "எஸ் சார்" என்பேன், ஒருநாள் நெட்டை தொண்டையை மாற்றிக்கொண்டு சொல்வான். அறுபது பேர் வகுப்பில் யார் தலையை நிமிர்த்திப் பார்க்கிறார்கள்? அவ்வளவு ஒழுங்காக நான் எனக்குக்கூட வருகை கொடுத்ததில்லை. மாலையில் அறைக்கு வந்து, "உன் வேலையையும் சேர்த்து நாங்க பாத்துட்டோம், நீ நிம்மதியா தூங்கு" என்று பெருமையடித்துக்கொள்வோம். அவன் தட்டில் சோறு அப்படியே காய்ந்து கிடக்கும். என்னடா ஆச்சு என்று ஒருநாளாவது உட்கார்ந்து கேட்டோமா என்றால், இல்லை.

பருவத் தேர்வில் முதல் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தான். மற்ற நாலுக்கும் போகவே இல்லை. முதல்வர் அவன் அப்பாவை வரவழைத்தார்.

நான் பூட்டின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல்வர் அறை வாசலில் நின்றேன். முதல்வர் நல்ல மனிதர். முதலாண்டை மறுபடி படிக்கட்டும், இடம் நான் தருகிறேன், நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டைப் புரட்டியவர், "ஆச்சரியமா இருக்கு. தொண்ணூத்தாறு சதவீதம் வந்திருக்கானே" என்றார்.

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க கூடவே இருந்த பிள்ளை. சொல்லுங்க, இவன் தினமும் வகுப்புக்கு வந்தானா?"

உண்மையைச் சொன்னால் நானும் நெட்டையும் அன்றைக்கே வெளியே. பூட்டு என்னை ஒரு தடவை பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"வந்தான்ப்பா" என்றேன்.

"தினமும் வந்து உக்காந்தும் மண்டையில ஏறலைன்னா, இன்னொரு வருஷம் வந்து என்னங்கய்யா ஆகப்போகுது? அவனைச் சொல்லிக் குத்தமில்ல. அவனுக்கு அவ்வளவுதான்" என்று முதல்வரைக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். பூட்டு என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், திட்டவில்லை.

அதற்குப் பிறகு அவன் டயர் கடையில்தான் இருக்கிறான். கல்யாணத்துக்குக் கூப்பிட்டான், போனேன். லாரியின் டயரைக் கையால் தடவிப் பார்த்தே எந்தச் சக்கரம் கோணல், எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்லிவிடுவான் என்று ஓட்டுநர்கள் பேசிக்கொண்டார்கள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

போன வருடம் என் வகுப்பில் ஒரு மாணவிக்கு இன்னொருத்தி குரல் கொடுத்தாள். இரண்டு வாரமாக நடந்திருக்கிறது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு ஆசிரியரே ஓடி வந்துவிட்டார். வராதவளின் அம்மாவுக்கு அன்றைக்கே போன் செய்தேன், அவரும் வந்தார், அந்தப் பெண் இப்போது இரண்டாமாண்டு படிக்கிறாள். அவ்வளவு சுலபமாக முடிந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி டயர் கடைக்குப் போனேன்.

பூட்டு ஒரு லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பாவிடம் மென்று முழுங்காமல் சொன்னேன். முதல் தேர்வுக்குப் பிறகு அவன் வகுப்புக்கு வரவே இல்லை, நாங்கள்தான் அவனுக்குப் பதிலாகக் குரல் கொடுத்தோம், அன்றைக்கு நான் சொன்னது பொய்.

அவர் காற்றடிக்கும் கம்ப்ரஸரை நிறுத்தினார்.

"அப்போ அவனுக்குப் படிப்பு வராமப் போகல?"

"இல்லப்பா. அவனை அன்னைக்கு யாராவது எழுப்பி உக்கார வச்சிருந்தா படிச்சிருப்பான்."

"நம்ம கடைக்கு வர்ற ஒரு இங்கிலீஷ் படிவத்தைக்கூட நான் அவன் கையில குடுத்தது இல்ல, தம்பி. இருபத்திரண்டு வருஷமா பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்வேன். இவனும் பக்கத்துலயே நிப்பான். ஒண்ணும் சொல்ல மாட்டான்." சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

பூட்டு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது.

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்டா" என்றேன்.

"அன்னைக்குச் சொல்லியிருந்தா சரி. இப்ப ஏன்டா சொன்னே?" அவன் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "இத்தனை வருஷம் என்னை நினைச்சு வருத்தப்பட்டாரு. அது அவருக்குப் பழகிப்போச்சு. இனிமே தன்னை நினைச்சு வருத்தப்படுவாரு. இந்த வயசுல."

பஸ் வரும்வரை என்னோடு நின்றான். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது.