நாற்பது பல்புக் கணக்கு

வார்னிஷும் சிவப்புச் சாயமும் கலந்த நெடி இன்றும் எங்காவது மூக்கில் ஏறினால் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவேன். அறுபதுகளின் கடைசியில், காவேரிப்பட்டினத்து மாதா கோயில் திருவிழாவுக்காக, சைக்கிள் டைனமோ பல்புகளை அந்தச் சாயத்தில் முக்கி எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் காயப்போட்டிருந்தான் என் அண்ணன் சூசை. கிருஷ்ணகிரியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் அவனுக்கு வேலை. நாற்பது பல்பை ஒரே ஒயரில் வரிசையாகக் கோத்து 'சீரியல் செட்' கட்டுவதில் அவனுக்குத் தனிப் பெருமை.

கணக்கு மட்டும் என்னுடையது. பதினோராம் வகுப்பில் மின்தடைப் பாடம் முடித்திருந்த திமிர் எனக்கு. தொடர் இணைப்பில் தடைகளைக் கூட்ட வேண்டும், பல்புக்குப் பன்னிரண்டு ஓம் என்றால் நாற்பதுக்கு நானூற்றெண்பது, இருநூற்று நாற்பது வோல்ட்டை நாற்பதும் பங்கு போட்டால் ஆளுக்கு ஆறு என்று நோட்டில் போட்டுக் காட்டினேன். "ஆறு வோல்ட்டுதாண்ணா, எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். "அப்படிங்களா என்ஜினியரம்மா!" என்று என் சடையைப் பிடித்து இழுத்தான். பிறகு அடுப்படியிலிருந்து வந்து நோட்டைப் பார்த்த அம்மாவுக்கோ வாயெல்லாம் பல். "எம் மவ கணக்குப் போட்டா தப்பாது" என்றாள்.

பொழுது சாய்ந்து, தேர் எங்கள் தெருவுக்குள் திரும்பிய நேரத்தில் ஒரு பல்பு உயிரைவிட, வரிசை முழுவதும் அணைந்தது. கோயில் வாசலில் பெரிய விளக்கு மட்டும் எரிந்தது. அது பக்க இணைப்பில் தனி வழியில் இருந்தது, ஆனால் இரண்டுக்கும் சுவிட்ச் ஒன்றுதான். கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் பதறினார். "மாதா வர்ற நேரத்துல லைட்ட நிறுத்திராதடா சூசை, ஊருக்கே ஆகாது!"

ஏணியில் நின்ற அண்ணன் என்னைப் பார்த்து, "ஆறுதானே புள்ள?" என்றான். நான் தலையாட்டினேன். கெட்ட பல்பைக் கழற்றிவிட்டு, இரண்டு ஒயர் முனைகளையும் சேர்த்து முறுக்குவதற்காக இரண்டு கையாலும் பிடித்தான். பெரியாஸ்பத்திரிக்கு வண்டி போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

எரிகிறவரைதான் பல்புக்கு ஆறு. வரிசை அறுந்துவிட்டால் மின்னோட்டமும் இல்லை, பங்கும் இல்லை. இருநூற்று நாற்பதும் மொத்தமாக அறுந்த இடத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தைத்தான் அண்ணன் தன் உடம்பால் இணைத்தான். எங்கள் பாடப் புத்தகத்தில் எந்தக் கணக்கிலும் பல்பு கெட்டதே இல்லை.

"எம் மவ சரியாத்தான் போட்டுக் குடுத்தா, இந்தப் பாவிதான் அவசரப்பட்டுட்டான்" என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் எறும்பு என்று சொன்னதும், கீழே நின்று தலையாட்டியதும் அவளுக்குத் தெரியாது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பாவி நான்தான்.

இப்போது அந்தக் கோயிலில் யாரும் பல்பு கோப்பதில்லை. பெங்களூரிலிருந்து விளக்குச் சரங்கள் கட்டுக்கட்டாக வருகின்றன, கெட்டால் தூக்கி எறிந்துவிட்டு வேறு மாட்டுகிறார்கள். அம்மாவும் போய்விட்டாள், என் கணக்கைக் கடைசிவரை மெச்சிக்கொண்டே. பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ சாமியார்களிடம் சொல்லிவிட்டேன், எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். அவளிடம் மட்டும் சொல்லவே இல்லை.